ஆட்டோகேடில் குரூப்பைப் பிரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்தவர் வரைந்த ட்ராயிங்கைத் திறந்து வேலை பார்க்கும்போது எல்லோருக்கும் வரும் தொல்லை இது. ஒரு கோட்டைத் தொட்டால் பத்துக் கோடு சேர்ந்து வரும். கதவை மட்டும் நகர்த்தப் பார்த்தால் சுவரும் கூடவே கிளம்பும். "பிரியவே மாட்டேங்குது" என்று என்னிடம் வந்து நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குள் எக்ஸ்புளோட் (பொருளை உடைக்கும் கமாண்ட்) அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். சேதம் அங்கேதான் தொடங்குகிறது. சேர்ந்து வருவதெல்லாம் குரூப் அல்ல. எது எது என்று தெரியாமல் உடைத்தால், பிரிய வேண்டியது பிரியாமல் இருக்க, பிரியக் கூடாதது சிதறிப் போகும்.

என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கமாண்டுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

ஒரு கோட்டைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து வருகிறது. அது குரூப்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்தக் கமாண்டும் கொடுக்காமல் அந்தப் பொருளை ஒரே ஒரு முறை க்ளிக் செய்யுங்கள். அப்புறம் கன்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தினால் ப்ராப்பர்ட்டீஸ் பாலெட் திறக்கும். அதன் மேல் ஓரத்தில் உள்ள பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதில் அங்கேயே இருக்கிறது.

ஒரே க்ளிக்குக்கு "ஆல்" என்று வந்து பக்கத்தில் 12, 35 என ஓர் எண்ணிக்கை இருந்தால் அது குரூப். உள்ளே இருப்பவை எல்லாமே கோடுகள் என்றால் "ஆல்" என்பதற்குப் பதில் "லைன்" என்று வந்து எண்ணிக்கை இருக்கும். அதுவும் குரூப்தான். "பிளாக் ரெஃபரன்ஸ்" என்று வந்தால் பிளாக். "பாலிலைன்" என்று எண்ணிக்கை இல்லாமல் வந்தால், பல துண்டுகளாகத் தெரிந்தாலும் அது ஒரே பொருள். ஹேட்ச், டைமென்ஷன், அர்ரே, எக்ஸ்டெர்னல் ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. குரூப்பைத் தொட்டால் அதைச் சுற்றி ஒரு செவ்வகக் கட்டமும் நடுவில் ஒரே ஒரு நீலப் புள்ளியும் தெரியும். குரூப் டிஸ்ப்ளே மோட் என்ற மாறியின் (ஆட்டோகேடின் ஓர் உள் அமைப்பு) மதிப்பு 2 ஆக இருக்கும்போது அப்படித் தெரியும். வழக்கமாக வருவது இந்த 2-தான். 1 என்றால் புள்ளி மட்டும் வரும், கட்டம் வராது. 0 என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் புள்ளிகளும் தனித்தனியே தெரியும். பிளாக்குக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் அது இன்சர்ட் செய்த இடத்தில் நிற்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் பாலெட்டையும் பார்த்துவிடுங்கள்.

குரூப்தான் என்று உறுதியாகிவிட்டது. எப்படிப் பிரிப்பது?

அன்குரூப் என்று அடித்து என்டர் கொடுங்கள். குரூப்பில் உள்ள ஏதாவது ஒரு பொருளைத் தொடுங்கள். முடிந்தது. ரிப்பனில் ஹோம் டேபில் குரூப்ஸ் என்ற பகுதியிலும் இதே பொத்தான் இருக்கிறது.

எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்த குரூப் என்றால், அதே கமாண்டில் நேம் என்ற வாய்ப்பைத் தேர்ந்து பெயரைக் கொடுக்கலாம். பெயரும் மறந்துவிட்டால் அங்கே ஒரு கேள்விக்குறி அடியுங்கள், பட்டியல் வரும்.

அன்குரூப் செய்வதால் எந்தப் பொருளுக்கும் எந்த மாற்றமும் நேராது. லேயர், நிறம், லைன் டைப், அளவு எல்லாம் இருந்தபடியே இருக்கும். "இவை ஒன்றாகச் சேர்ந்தவை" என்ற குறிப்பு மட்டும்தான் ட்ராயிங்கிலிருந்து போகிறது. ஆகவே பயப்படாமல் செய்யலாம்.

எங்கள் அலுவலகத்தில் பழைய பதிப்புதான். அதில் அந்தப் பொத்தானே இல்லையே?

2012 பதிப்புக்கு முந்தையவற்றில் குரூப் என்று அடித்தால் ஒரு பெரிய பெட்டி திறக்கும். புதிய பதிப்புகளிலும் கிளாசிக் குரூப் என்று அடித்தால் அதே பெட்டி வரும். மேலே பெயர்ப் பட்டியல், கீழே திருத்தும் பொத்தான்கள். பட்டியலில் பெயரைத் தேர்ந்துகொண்டு எக்ஸ்புளோட் பொத்தானை அழுத்த வேண்டும்.

இதைக் கவனியுங்கள்: அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எக்ஸ்புளோட் குரூப்பை மட்டும் கலைக்கும். வெளியே கமாண்ட் லைனில் அடிக்கும் எக்ஸ்புளோட் முற்றிலும் வேறு வேலை செய்யும். ஒரே பெயரை இரண்டு வேலைக்கு வைத்துவிட்டார்கள். பழைய பதிப்பில் பழகியவர்கள் சொல்லிக் கொடுத்த "குரூப்பை எக்ஸ்புளோட் பண்ணு" என்ற வாக்கியம் இன்றைக்கும் புதியவர்களைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது.

பட்டியல் காலியாக இருந்தால் "இன்க்ளூட் அன்நேம்ட்" என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். பெயர் வைக்காமல் உருவான குரூப்புகளுக்கு ஆட்டோகேட் தானே நட்சத்திரக் குறி போட்டு ஏ1, ஏ2 என்று பெயர் வைத்துக்கொள்ளும். அந்த டிக் இல்லாவிட்டால் அவை பட்டியலில் தெரியாது. பெயர் வைத்த குரூப்பைக் காப்பி செய்தாலும் நகலுக்கு இப்படிப்பட்ட பெயரில்லாப் பெயர்தான் கிடைக்கும். ஒரு கட்டில் குரூப்பை எட்டு அறைக்குக் காப்பி அடித்த ட்ராயிங்கில் ஏன் இத்தனை குரூப் என்று குழம்புபவர்களுக்கு இதுதான் காரணம்.

குரூப் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஒரு பொருளை மட்டும் நகர்த்த முடியுமா?

முடியும். பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான், பிரிப்பது அல்ல.

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கமாண்ட் லைனில் குரூப் ஆஃப் என்று வரும். இப்போது எதைத் தொடுகிறீர்களோ அது மட்டும் செலக்ட் ஆகும். வேலை முடிந்ததும் அதே மூன்று விசைகளை மறுபடி அழுத்தினால் குரூப் ஆன். குரூப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதற்குப் பின்னால் இருப்பது பிக்ஸ்டைல் என்ற மாறி. அதன் மதிப்பு 0 என்றால் குரூப்பாகத் தேர்வதில்லை. 1 என்றால் குரூப்பாகத் தேரும். 2 என்றால் ஹேட்ச்சைத் தொட்டால் அதன் எல்லைக் கோடும் சேர்ந்து வரும். 3 என்றால் இரண்டும். வழக்கமாக இருப்பது 1. இந்த மதிப்பு ட்ராயிங்கில் அல்ல, உங்கள் கணினியில் பதிவாகிறது. அதனால் இன்றைக்கு ஆஃப் செய்து மறந்துவிட்டால் நாளைக்கு வேறு ட்ராயிங் திறந்தாலும் ஆஃபாகவே இருக்கும். "நேற்றுவரை குரூப் வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது பிக்ஸ்டைலைத்தான். தெரியாமல் கை பட்டு அந்த விசைகள் அழுந்தியிருக்கும்.

ஒரே ஒரு பொருளை மட்டும் குரூப்பிலிருந்து நிரந்தரமாக எடுக்க வேண்டும்.

குரூப் எடிட் கமாண்ட். குரூப்பைத் தொட்டு, ரிமூவ் தேர்ந்து, வெளியேற்ற வேண்டியதைக் காட்டி என்டர். புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றால் அதே இடத்தில் ஆட்.

எல்லாப் பொருளையும் ஒவ்வொன்றாக வெளியேற்றிவிட்டாலும் குரூப்பின் பெயர் மட்டும் காலியாக ட்ராயிங்கில் தங்கியிருக்கும். அதைப் பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கும் கமாண்ட்) செய்து எடுத்துவிடலாம்.

அன்குரூப் செய்துவிட்டேன். அப்படியும் சேர்ந்தே வருகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று.

ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட குரூப்பில் இருக்கலாம். நாற்காலிகள் ஒரு குரூப், அந்த நாற்காலிகளும் மேசையும் சேர்ந்து இன்னொரு குரூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக் குரூப்பைக் கலைத்தால் உள் குரூப் அப்படியே நிற்கும். இப்படிப்பட்ட பொருளைத் தொடும்போது அன்குரூப் கமாண்ட் எந்தக் குரூப் என்று கேட்கும். அக்செப்ட் கொடுத்தால் காட்டியதை எடுத்துக்கொள்ளும், நெக்ஸ்ட் கொடுத்தால் அடுத்ததைக் காட்டும். அவசரத்தில் என்டரை அழுத்திக்கொண்டே போகாமல் எது ஒளிர்கிறது என்று பார்த்துத் தேருங்கள்.

இரண்டாவது, குரூப்புக்குள் பிளாக் இருக்கலாம். குரூப் கலைந்திருக்கும். இப்போது உங்கள் கையில் வருவது பிளாக். ப்ராப்பர்ட்டீஸை மறுபடி பாருங்கள்.

மூன்றாவது இதற்கு நேர்மாறு. ஒரு முழு ட்ராயிங்கை பிளாக்காக உள்ளே கொண்டுவந்திருந்தால் அதற்குள் இருந்த குரூப்புகள் மறைந்து கிடக்கும். அந்தப் பிளாக்கை உடைத்ததும் அவை வெளியே வந்து வேலை செய்யத் தொடங்கும். பிளாக் உடைந்ததா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

குரூப்பின் மேல் எக்ஸ்புளோட் அடித்தால் என்ன ஆகும்?

தயவுசெய்து இந்தப் பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

எக்ஸ்புளோட் கமாண்டுக்குக் குரூப் என்பது கண்ணில் படாது. நீங்கள் குரூப்பைத் தொட்டால், அதற்குள் இருக்கும் பொருள்களைத்தான் அது ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கும். பாலிலைன் தனித்தனிக் கோடுகளாகும். உள்ளே இருந்த பிளாக்குகள் கலையும். டைமென்ஷன் வெறும் கோடும் எழுத்தும் ஆகும். ஹேட்ச் நூற்றுக்கணக்கான சிறு கோடுகளாகச் சிதறும். நீங்கள் பிரிக்க நினைத்தது குரூப்பை, உடைந்ததோ உள்ளே இருந்த சரக்கு.

எக்ஸ்புளோடின் சுருக்கம் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து. விரல் அங்கே தானாகவே போகும். அதனால்தான் முதலில் ப்ராப்பர்ட்டீஸ் பார்க்கச் சொல்கிறேன். அப்படி நடந்துவிட்டால் வேறு எதையும் தொடாமல் உடனே கன்ட்ரோல், இசட்.

அப்படியானால் குரூப்புக்கும் பிளாக்குக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

குரூப் என்பது கயிறு போட்டுக் கட்டிய விறகு மாதிரி. கட்டை அவிழ்த்தால் விறகு விறகாகவே இருக்கும். பிளாக் அப்படியல்ல. அது அச்சும் வார்ப்பும். அச்சு ட்ராயிங்கின் உள்ளே ஓர் இடத்தில் இருக்கிறது. திரையில் நீங்கள் பார்ப்பது அந்த அச்சைச் சுட்டிக்காட்டும் ஒரு குறிப்பு மட்டும்தான். ஒரு மாடித் திட்டத்தில் 40 ஜன்னல் இருந்தால், ஜன்னலின் கோடுகள் ஒரே ஒரு முறைதான் கோப்பில் பதிவாகியிருக்கும். 40 இடத்திலும் "அந்த ஜன்னலை இங்கே காட்டு" என்ற குறிப்பு இருக்கும்.

இதனால் கிடைக்கும் வசதி பெரியது. அச்சைத் திருத்தினால் 40 ஜன்னலும் திருந்தும். எத்தனை ஜன்னல் என்று ஆட்டோகேடையே எண்ணச் சொல்லலாம். கோப்பின் அளவும் சிறிதாக இருக்கும். 40-ஐயும் உடைத்துவிட்டால் இவை எல்லாம் போய், ஒவ்வொரு ஜன்னலின் ஒவ்வொரு கோடும் தனித்தனியே கோப்பில் ஏறும். வாடிக்கையாளர் ஜன்னல் அகலத்தை 4 அடியிலிருந்து 5 அடி ஆக்கச் சொன்னால் 40 இடத்திலும் கையால் திருத்த வேண்டியதுதான். அப்படி ஒரு ட்ராயிங்கைத் திருத்த ஒரு முழு மதியம் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டைட்டில் பிளாக்கை எக்ஸ்புளோட் செய்ததும் தேதி, ட்ராயிங் எண் எல்லாம் போய் வேறு ஏதோ எழுத்து வருகிறதே?

அந்த எழுத்துகள் சாதாரண டெக்ஸ்ட் அல்ல, அட்ரிபியூட். பிளாக்கோடு சேர்த்து நிரப்பப்பட்ட விவரம். பிளாக்கை உடைத்தால் நிரப்பிய மதிப்பு அழிந்துவிடும். அதற்குப் பதிலாக அந்த இடத்தின் டேக் பெயர் (அந்த விவரத்துக்கு வைத்த உள் பெயர்) மட்டும் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். நான் பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் ஒரு தொழிற்கூடத்தின் 14 தாள் ட்ராயிங். தாளின் ஓரக் கோடு ஒன்றைச் சற்றுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு தாளிலும் டைட்டில் பிளாக்கை உடைத்துக் கோட்டைத் தள்ளினேன். ஓரத்துச் சின்ன எழுத்துகளை நான் பார்க்கவே இல்லை. பிரிண்ட் எடுத்துத் தளத்துக்கும் போய்விட்டது. தாள் எண் இருக்க வேண்டிய இடத்தில் 14 தாளிலும் ஒரே சொல். எது அடித்தளம், எது கூரை என்று தாள் எண்ணை வைத்துத் தேடுபவர்கள் அங்கே திகைத்து நின்றிருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் உடைப்பதற்கு முன் அது என்ன பொருள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

மதிப்புகள் எழுத்தாகவே நிற்க வேண்டும், பிளாக்கும் உடைய வேண்டும் என்றால் எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள பர்ஸ்ட் கமாண்டைப் பயன்படுத்துங்கள். அது அட்ரிபியூட் மதிப்புகளை டெக்ஸ்ட்டாக மாற்றிக் கொடுக்கும், பிளாக் இருந்த லேயரையும் காப்பாற்றும்.

பிளாக்கை உடைத்ததும் நிறம் மாறிவிட்டது. லேயரும் 0 என்று காட்டுகிறது.

அந்தப் பிளாக்கை உருவாக்கியவர் 0 லேயரில் வரைந்திருப்பார். அப்படி வரைந்த பிளாக், தான் இன்சர்ட் ஆன லேயரின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். அது நல்ல பழக்கம்தான். உடைத்ததும் கோடுகள் தங்கள் சொந்த வீடான 0 லேயருக்குத் திரும்பிவிடுகின்றன. பை பிளாக் என்று நிறம் வைத்திருந்தாலும் இதே போன்ற மாற்றம் தெரியும்.

எக்ஸ்புளோடுக்குப் பதில் எக்ஸ்-ப்ளோட் என்று இன்னொரு கமாண்ட் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தான ஈ-யை விட்டுவிட்டு எக்ஸ் என்ற எழுத்திலிருந்து அடிக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எந்த லேயரில், எந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்று அது கேட்டுவிட்டுத்தான் உடைக்கும்.

எக்ஸ்புளோட் அடித்தாலும் பிளாக் உடையவில்லை. என்ன செய்வது?

கமாண்ட் லைனில் வரும் பதிலைப் படியுங்கள். எக்ஸ்டெர்னல் ரெஃபரன்ஸ் (சுருக்கமாக எக்ஸ்ரெஃப்) என்று சொன்னால் அது வேறொரு கோப்பிலிருந்து இங்கே தெரிகிறது. எக்ஸ்ரெஃப் பாலெட்டில் அதன் பெயரின் மேல் ரைட் க்ளிக் செய்து பைண்ட் செய்தால்தான் இந்தக் கோப்புக்குள் வரும். பைண்ட், இன்சர்ட் என இரண்டு வழி கேட்கும். பைண்ட் என்றால் லேயர் பெயர்களில் டாலர் குறியும் 0-வும் கலந்து நீளமாக வரும். இன்சர்ட் என்றால் பெயர்கள் சுத்தமாகக் கலந்துவிடும். ஆனால் பைண்ட் செய்தபின் மூலக் கோப்பில் வேறொருவர் திருத்துவது உங்களுக்கு வராது. கட்டமைப்புப் பொறியாளரின் தூண் ட்ராயிங்கை இப்படிப் பைண்ட் செய்துவிட்டு, அவர் தூணை மாற்றியது தெரியாமல் இருந்தால் விளைவு பெரிது.

எம்-இன்சர்ட் என்று சொன்னால் அது வரிசையும் நிரலுமாகப் போட்ட பிளாக், நேரடியாக உடையாது. அதே பிளாக்கைச் சாதாரண இன்சர்ட் கமாண்டில் புதிதாகக் கொண்டுவந்து உடைத்துக்கொள்ளலாம். சிலர் தங்கள் ட்ராயிங்கை யாரும் திருத்தக் கூடாது என்பதற்காகவே இப்படி அனுப்புவார்கள். அந்த நிலையில் அனுப்பியவரைக் கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

இரண்டும் இல்லை என்றால், பிளாக்கை உருவாக்கும்போதே உடைக்க அனுமதி இல்லை என்று வைத்திருப்பார்கள். பி-எடிட் (BEDIT, பிளாக் எடிட்) கமாண்டில் அந்தப் பிளாக்கைத் திறந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். அலவ் எக்ஸ்புளோடிங் என்ற வரியை எஸ் ஆக்கிச் சேவ் செய்து வெளியே வாருங்கள்.

பிளாக்குக்குள் பிளாக் இருந்தால் ஒரு எக்ஸ்புளோடுக்கு ஒரு மட்டம்தான் பிரியும். உடையவில்லை என்று தோன்றுவது சில நேரம் இதனால்தான்.

பிளாக்கை உடைக்காமலே உள்ளே திருத்த வழி இல்லையா?

மூன்று வழிகள். பிளாக்கை டபுள் க்ளிக் செய்து பிளாக் எடிட்டருக்குள் போகலாம். அல்லது ரெஃப் எடிட் கொடுத்து, சுற்றியுள்ள ட்ராயிங்கைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தில் திருத்தலாம். சுவருக்குப் பக்கத்தில் கதவு சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க ரெஃப் எடிட்தான் எனக்குப் பிடித்தது. இரண்டிலும் திருத்தம் அந்தப் பெயருள்ள எல்லாப் பிளாக்குக்கும் போகும். ஒரு கதவை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது என்-காப்பி. பிளாக்குக்குள்ளோ எக்ஸ்ரெஃபுக்குள்ளோ இருக்கும் ஒரு கோடு மட்டும் நகலாக வெளியே வேண்டும் என்றால் இது போதும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கோட்டுக்காக முழு எக்ஸ்ரெஃபையும் பைண்ட் செய்து உடைப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

டைமென்ஷனையும் ஹேட்ச்சையும் உடைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். டைமென்ஷன் உடைந்தால் சுவர் நகர்ந்தாலும் எண் நகராது. 10 அடி என்று எழுதியிருக்கும், சுவர் 9 அடியில் நிற்கும். தளத்தில் கொத்தனார் நம்புவது எழுதியிருக்கும் எண்ணைத்தான். ஒரு பக்க நீட்டுக் கோட்டை மறைக்க வேண்டும் என்பதற்காக உடைப்பவர்கள் அதிகம். அதற்கு ப்ராப்பர்ட்டீஸில் லைன்ஸ் அண்ட் ஆரோஸ் பகுதியிலேயே ஆஃப் இருக்கிறது. நீங்கள் உடைக்காமலே புதிய டைமென்ஷன்கள் உடைந்தே வருகின்றன என்றால் டிம்-அசோக் மாறி 0 ஆகியிருக்கும். 2 ஆக்குங்கள்.

ஹேட்ச் உடைந்தால் கோப்பு கனமாகும், பிறகு நிரப்பை மாற்ற முடியாது. ஹேட்ச்சைத் தொட்டால் எல்லையும் சேர்ந்து வருகிறது என்பதற்காக உடைக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன பிக்ஸ்டைலை 3-லிருந்து 1-க்கு மாற்றினால் தீர்ந்தது.

பாலிலைனை உடைத்துவிட்டேன். மறுபடி சேர்க்க முடியுமா?

ஜாயின் கமாண்ட். முனைகள் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் சேர்ந்துவிடும். சிறு இடைவெளி இருந்தால் பி-எடிட்டில் (இது PEDIT, பாலிலைன் எடிட்) மல்டிபிள், அப்புறம் ஜாயின், அதில் ஃபஸ் டிஸ்டன்ஸ் (எவ்வளவு இடைவெளிவரை சேர்க்கலாம் என்ற அளவு) கொடுங்கள். பாலிலைனுக்கு அகலம் கொடுத்திருந்தால் அது உடைத்தபோதே போய்விட்டது. சேர்த்தபின் மறுபடி கொடுக்க வேண்டும்.

லேசர் கட்டிங்குக்கு அனுப்பும் ட்ராயிங்கில் இது முக்கியம். மூடிய ஒற்றைப் பாலிலைனாக இருந்தால் வெட்டும் பாதை தொடர்ச்சியாக அமையும். துண்டுகளாக இருந்தால் கடைக்காரர் உட்கார்ந்து சேர்க்க வேண்டியிருக்கும். ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரட்டைக் கோடுகள் இருந்தால் ஓவர்கில் கொடுத்து எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரு முனையை மட்டும் நகர்த்தவோ புதிய முனை சேர்க்கவோ உடைக்கவே தேவையில்லை. நீலப் புள்ளியின் மேல் கர்சரை வைத்து நின்றால் ஆட் வெர்டெக்ஸ், ரிமூவ் வெர்டெக்ஸ் வரும்.

அர்ரேயில் ஒரே ஒரு தூணை எடுக்க வேண்டும்.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அந்த ஒன்றைத் தொட்டு டெலிட் செய்யுங்கள். மற்றவை அர்ரேயாகவே இருக்கும். இனி வரிசையை மாற்றப் போவதே இல்லை என்றால் மட்டும் எக்ஸ்புளோட்.

ட்ராயிங்கில் நூற்றுக்கணக்கில் குரூப். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலைக்க முடியுமா?

அதற்கென்று தனிப் பொத்தான் இல்லை. குரூப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து நீக்கும் சில வரி லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல் மொழி) நிரல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வார்கள். லிஸ்ப் தெரிந்த நண்பர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைந்த வகை) வைத்திருப்பவர்களுக்கு 2024 பதிப்பிலிருந்துதான் லிஸ்ப் வந்தது.

ஆனால் அத்தனையையும் கலைப்பது உண்மையில் தேவையா என்று யோசியுங்கள். வேறொருவர் யோசித்துக் கட்டிய குரூப்புகள் அவை. உங்கள் வேலை முடியும்வரை பிக்ஸ்டைலை 0 ஆக்கிவைத்தால் பெரும்பாலும் போதும்.

ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ, கோரல்டிரா ஆகியவற்றிலும் இதே முறையா?

பெயர்கள் மாறும். ரெவிட்டில் குரூப்பைத் தேர்ந்து யூ, ஜி என்று அடுத்தடுத்து அடித்தால் அன்குரூப். நீங்கள் தேர்ந்த அந்த ஒன்று மட்டும் கலையும், அதே குரூப்பின் மற்ற நகல்கள் அப்படியே இருக்கும். ரைனோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி. கோரல்டிராவில் கன்ட்ரோல், யூ. கேட் கோப்பை கோரலில் இறக்கினால் பெரும்பாலும் மொத்தமும் ஒரே குரூப்பாக நிற்கும், பதற வேண்டாம்.

ஸ்கெட்ச்அப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே குரூப்பைக் கலைப்பதற்கே எக்ஸ்புளோட் என்றுதான் பெயர், ரைட் க்ளிக்கில் இருக்கும். கலைத்தவுடன் உள்ளே இருந்த கோடுகளும் முகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றவற்றோடு ஒட்டிக்கொள்ளும். சுவரோடு ஒட்டிய அலமாரியைக் கலைத்தால் பிறகு அலமாரியை இழுக்கும்போது சுவரும் இழுபடும். திருத்த மட்டும்தான் வேண்டும் என்றால் குரூப்பை டபுள் க்ளிக் செய்து உள்ளே போய்த் திருத்திவிட்டு வெளியே வாருங்கள்.

தெரியாமல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன், சேவும் செய்துவிட்டேன். மீட்க முடியுமா?

கோப்பை இன்னும் மூடவில்லை என்றால் நல்லது. சேவ் செய்தபின்னும் கன்ட்ரோல், இசட் பின்னோக்கிப் போகும். உடைப்பதற்கு முந்தைய நிலை வரும்வரை அழுத்துங்கள்.

மூடிவிட்டீர்கள் என்றாலும், உடைந்தது பிளாக் என்றால் அதன் அச்சு இன்னும் ட்ராயிங்கில் இருக்கும். இன்சர்ட் கமாண்டில் பெயரைத் தேடி மறுபடி கொண்டுவரலாம். அதனால் இந்த நிலையில் பர்ஜ் மட்டும் செய்யாதீர்கள், செய்தால் பயன்படாத அச்சுகள் போய்விடும். அட்ரிபியூட் மதிப்புகளைக் கையால் நிரப்பத்தான் வேண்டும்.

அதுவும் உதவாவிட்டால், ட்ராயிங் இருக்கும் அதே ஃபோல்டரில் அதே பெயரில் பேக் (BAK) என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு இருக்கும். ஐ-சேவ்-பேக் மாறி 1 ஆக இருந்தால், கடைசிக்கு முந்தைய சேவின் நிலை அதில் இருக்கும். அதன் பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறக்கலாம். ஆனால் ட்ராயிங்கை இன்னொரு முறை சேவ் செய்தால் அந்தப் பேக் கோப்பின் மேலேயே உடைந்த நிலை எழுதப்பட்டுவிடும். ஆகவே ஆட்டோகேடில் வேறு எதையும் தொடுவதற்கு முன், அந்தப் பேக் கோப்பை முதலில் காப்பி செய்து வேறு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.